சிட்ரிக் அமிலம்: வீட்டில் ஜாமும் கோர்டியலும் செய்யத் தொடங்குபவர்களுக்கு

வீட்டிலிருந்தே ஜாம், கோர்டியல், தக்காளி சோஸ் செய்து விற்கலாம் என்று கொழும்பில் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே சந்திக்கும் பொருள் சிட்ரிக் அமிலம். அவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள்: இது உடம்புக்குக் கெடுதியா, எவ்வளவு போட வேண்டும்? முதற் கேள்விக்கு மணிக்கணக்கில் கவலைப்படுகிறார்கள். இரண்டாவதற்கு யாராவது "ஒரு கரண்டி" என்று சொன்னால் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான். இந்தத் தூள் பாதுகாப்பானது. அதை நிறுக்காமல் போடுவதும், அதனால் காக்க முடியாத உணவை அது காத்துவிடும் என்று நம்புவதும் ஆபத்தானவை.

அது என்ன?

தேசிக்காய்க்குப் புளிப்பைத் தருவது இதுதான். தேசிச்சாற்றில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு சிட்ரிக் அமிலம் இருக்கிறது. பாடநூலில் சித்திரிக் அமிலம் என்று படித்திருப்பீர்கள், கடையில் சிட்ரிக் அசிட் என்று கேட்பீர்கள், லேபலில் 330 அல்லது ஈ330 என்று காண்பீர்கள். மூன்றும் ஒன்றே. லேபலில் அதன் வேலை "அமிலத்தன்மைச் சீராக்கி" என்று எழுதப்பட்டிருக்கும். உணவின் புளிப்பை வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது என்று பொருள் கொள்ளலாம்.

சுவீடனைச் சேர்ந்த ஷீலே என்ற வேதியியலாளர் 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். பின்னர் நெடுங்காலம் இத்தாலிய எலுமிச்சைதான் உலகத்துக்கு ஆதாரமாக இருந்தது. 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர், அஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற கரும்பூஞ்சணம் சீனிக் கரைசலிலிருந்து இதை ஏராளமாக உண்டாக்குவதைக் கண்டார். 1919 முதல் அந்த வழியில் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கின. இன்று நீங்கள் வாங்கும் தூள் அப்படி வருவதுதான், எலுமிச்சையிலிருந்து வருவதல்ல. பூஞ்சணம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பூஞ்சணத்தை வடிகட்டி நீக்கி, அமிலத்தைத் தனியே பிரித்துச் சுத்திகரித்துப் பளிங்காக்கிய பிறகே அது பொதிக்குள் போகிறது.

வாங்கும்போது

புறக்கோட்டையில் மொத்தமாகவும், வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய பேக்கரிப் பொருட்கடைகளில் சிறு பொதியாகவும் கிடைக்கும். விலையைப் பார்க்கும் முன்னர் பொதியைப் பாருங்கள். உணவுத் தரம் என்ற குறிப்பு, 330 என்ற எண், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவை இருக்க வேண்டும். இவை எதுவுமில்லாமல் ஷொப்பிங் பையில் கட்டித் தரும் தூளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உணவுக்கு வாங்காதீர்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளைப் பளிங்குத் தூள்கள் பல ஒன்றுபோலவே தோன்றும். படிகாரம், போராக்ஸ், அஜினமோட்டோ, துருக்கறை நீக்க விற்கும் ஒக்சாலிக் அமிலம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஒக்சாலிக் அமிலம் நஞ்சு. நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பது அதைவிட ஆபத்து. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அதன் லேபலோடேயே காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

நீரற்றது, பளிங்கோடு நீரும் சேர்ந்திருக்கும் ஒற்றை நீர் கொண்டது என இரண்டு வகை உண்டு. நீரற்றதில் 1 கிராம், மற்றதில் ஏறத்தாழ 1.1 கிராமுக்குச் சமம். வீட்டு அளவில் இந்த வேறுபாடு பெரிதல்ல. ஆனால் சீனியுடன் கலந்து இனிப்பின் மேல் தூவுவதாக இருந்தால் நீரற்றதையே எடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தூள் சீக்கிரம் கட்டியாகும்.

தேவைப்படும் கருவிகள்

0.1 கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். தேக்கரண்டி நம்பகமானதல்ல. தூளின் பருமன் மாறினால் ஒரே கரண்டியில் 4 கிராமும் வரும், 5 கிராமும் வரும்.

அடுத்தது பிஎச் பார்க்கும் வழி. பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தொடங்குபவர்களுக்குப் பிஎச் தாள் போதும் என்று சொல்வார்கள். அளவு 4.0க்குக் கீழே தெளிவாக இறங்கிவிடும் பண்டங்களுக்கு அது போதும். அதற்கு மேலே, 4.6 என்ற எல்லையை (ஏன் என்பது கீழே தக்காளிப் பகுதியில்) நெருங்கும் எதற்கும் தாளை நம்பக்கூடாது. தக்காளியின் சிவப்பும் மாம்பழத்தின் மஞ்சளும் தாளின் நிறத்தோடு கலந்துவிடும். விற்கப்போகிறீர்கள் என்றால் ஒரு பிஎச் மானி வாங்குங்கள். 4.00, 7.00 என்ற இரண்டு சரிபார்ப்புக் கரைசல்களையும் சேர்த்தே வாங்குங்கள். அவை இல்லாத மானி காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியம், செம்பு, பித்தளை வேண்டாம். அமிலம் அவற்றைக் கரைத்து உணவுக்குள் கொண்டுவரும்.

கரைசல் தயாரித்தல்

தூளை நேரே கொதிக்கும் ஜாமில் தூவினால் ஓரிடத்தில் கூடியும் இன்னோரிடத்தில் குறைந்தும் விழும். ஆகவே முதலில் கரைசலாக்குங்கள். ஒரு கண்ணாடிக் குவளையைத் தராசில் வைத்து, கொதித்தாறிய தண்ணீர் 50 கிராம் ஊற்றி, அதில் தூளை 50 கிராம் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். முதலில் கலங்கலாகவும் அடியில் கரகரவென்றும் இருக்கும். குவளையைக் கையில் பிடித்தால் நன்றாகக் குளிர்ந்திருப்பது தெரியும். கரையும்போது இந்த அமிலம் சூழலிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அப்படி. சில நிமிடங்கள் விட்டு விட்டுக் கலக்கினால் கண்ணாடிபோலத் தெளிந்து, சற்றுக் கொழகொழப்பான திரவமாகிவிடும்.

இந்தக் கரைசலில் 2 கிராம் எடுத்தால் அதில் அமிலம் 1 கிராம். கணக்கு இவ்வளவுதான். போத்தலின் மேல் பெயரும் திகதியும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பார்வைக்கு அது தண்ணீர் போலத்தான் இருக்கும்.

ஜாம்

ஜாம் இறுகுவதற்குப் பெக்டின் (பழத்திலேயே இருக்கும் இறுக்கும் பொருள்), சீனி, அமிலம் என்ற மூன்றும் ஏற்ற அளவில் சேர வேண்டும். சீனி உள்ளிட்ட கரைபொருள் முடிவில் 65 வீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிஎச் 3.0க்கும் 3.3க்கும் இடையில் இருந்தால் நன்றாக இறுகும். கூடினால் ஜாம் பாணியாகவே நிற்கும். மிகவும் குறைந்தால் இறுகிய பிறகு நீர் விட்டுப் போத்தலின் ஓரத்தில் தேங்கும்.

எந்தப் பழம் என்பதைப் பொறுத்தே அளவு. நெல்லியும் விளாம்பழமும் தம்மிலேயே புளிப்பானவை. முதலில் பிஎச் பார்த்துவிட்டு, தேவையானால் மட்டும் சேருங்கள். நன்கு பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பப்பாசி, வாழைப்பழம் ஆகியவற்றுக்குப் புளிப்புப் போதாது. பப்பாசியின் பிஎச் 4.6க்கு மேலேயே இருக்கும். இவ்வகைப் பழக்கூழ் 1 கிலோவுக்கு 3 முதல் 6 கிராம் அமிலம் தேவைப்படும். 3 கிராமில் தொடங்கி, அளந்து, கூட்டுங்கள்.

சேர்க்கும் நேரமும் முக்கியம். அமிலத்தைத் தொடக்கத்திலேயே கொட்டி நெடுநேரம் கொதிக்கவிட்டால் பெக்டின் உடைந்துவிடும். ஜாம் முடியும் தறுவாயில், குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுப் பார்ப்பதற்குச் சற்று முன்னர் ஊற்றிக் கலக்குங்கள். கொழும்பில் ஜாம் 105 பாகை செல்சியசை எட்டும்போது பதம் வந்திருக்கும். நுவரெலியாவில் இருக்கும் உறவினருக்கு இந்த எண்ணை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அங்கே தண்ணீரே 94 பாகையளவில் கொதித்துவிடும். அவர்கள் தங்கள் ஊர்க் கொதிநிலையோடு 5 பாகை கூட்டிக்கொள்ள வேண்டும்.

கோர்டியல்

குடிப்பவர் கையில் இருக்கும் பானத்தில், லீற்றருக்கு 1 முதல் 3 கிராம் அமிலம் இருந்தால் நாக்குக்கு இதமாக இருக்கும். ஒரு பங்கு கோர்டியலுக்கு நான்கு பங்கு தண்ணீர் என்றால் கோர்டியலில் அதன் ஐந்து மடங்கு வேண்டும்: லீற்றருக்கு 5 முதல் 15 கிராம். பழம் தன்னோடு கொண்டுவரும் புளிப்பும் இதற்குள் அடங்கும். தேசிக்காய்க்கும் கொடித்தோடைக்கும் சிறிதும் தேவைப்படாமல் போகலாம். மாம்பழத்துக்கு நன்றாகவே வேண்டும்.

சுவை பார்ப்பதைக் கோர்டியலில் செய்யாதீர்கள். தண்ணீர் கலந்து, குளிரூட்டியில் வைத்துக் குளிர்ந்த பிறகு பாருங்கள். புளிப்பு இனிப்பை மறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அமிலத்தைக் கூட்டி, பிறகு அதைச் சமன்செய்யச் சீனியைக் கூட்டி, திரும்பவும் அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், நாக்குக்குத் தெரியாமலே ஒரு குவளைக்குள் சீனி மலையேறிவிடும். நீரிழிவு இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும் இந்தக் காலத்தில் அது நியாயமான வியாபாரம் அல்ல.

கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட், அதாவது 211, சேர்ப்பதானால் அதற்கும் அமிலம் துணை. பிஎச் 4.5க்கு மேலே அது சரியாக வேலை செய்யாது. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு உண்டு. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே கைவையுங்கள். சிட்ரிக் அமிலத்தையும் அஸ்கோர்பிக் அமிலத்தையும் ஒன்றென்று எண்ண வேண்டாம். விட்டமின் சி என்பது இரண்டாவது. சிட்ரிக் அமிலம் சேர்த்துவிட்டு "விட்டமின் சி நிறைந்தது" என்று எழுதுவது பொய்.

தக்காளி: இங்கே மட்டும் மிகுந்த கவனம்

தக்காளி புளிப்பானது என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் அதன் பிஎச் 4.6ஐ ஒட்டி மேலும் கீழுமாக நிற்கும். நன்கு கனிந்த பழம் மேலே போய்விடும். குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்துக்கள் 100 பாகைக் கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத போத்தலுக்குள், பிஎச் 4.6க்கு மேல் இருந்தால், அவை முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். உணவின் மணமோ நிறமோ மாறாமலே இது நடக்கக்கூடும். கண்ணிமை சரிவது, பார்வை இரட்டையாவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை அது.

ஆகவே போத்தலில் அடைக்கும் தக்காளிக்கு லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது 2 கிராமுக்குச் சற்று மேல், சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வழிகாட்டல் சொல்கிறது. அதன் பிறகும் போத்தலைக் கொதிநீரில் மூழ்கவைத்துப் பதப்படுத்த வேண்டும். அமிலம் சேர்த்தாகிவிட்டது என்று அதைத் தவிர்க்கக்கூடாது. புதுத் தேசிச்சாறு பிழிந்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு தேசிக்காயின் புளிப்பு இன்னொன்றில் இருப்பதில்லை. தூள் மாறாது. இந்த ஓரிடத்தில் இயற்கையைவிடப் பொதியை நான் நம்புகிறேன்.

வெங்காயம், உள்ளி, மிளகாய் சேர்த்துச் செய்யும் சோஸில் அந்தப் பொருட்கள் புளிப்பைக் குறைக்கும். ஒவ்வொரு தொகுதியையும் மானியில் அளந்து, 4.2க்குக் கீழே வந்தால் மட்டுமே அடையுங்கள்.

இதனால் காக்க முடியாதவை

எண்ணெயில் ஊறவைத்த உள்ளி, எண்ணெயில் காளான், மீன், இறைச்சி, அவித்த பயறுவகை. இவற்றின் மேல் அமிலத் தண்ணீர் ஊற்றினாலும் அது நடுவரை ஊடுருவ நேரம் எடுக்கும், எண்ணெய்க்குள் கரையவும் கரையாது. இவற்றைச் சாதாரண அலமாரியில் வைத்து விற்கும் எண்ணமே வேண்டாம்.

சுவைக்காகவும் ஓர் இடத்தில் இதைத் தவிர்க்கச் சொல்வேன். தேசிக்காய் விலை ஏறும்போதெல்லாம் சொதிக்கும் இரசத்துக்கும் இந்தத் தூளைப் போடுகிறார்கள். ஒரு தேசிக்காய்க்கு 1 கிராம், ஒன்றரைக் கிராம் என்று கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் தேசித்தோலின் மணம் வராது. அடுப்பிலிருந்து இறக்கிப் பிழிந்த சொதியின் மணத்தை எந்தப் பொதியும் தராது.

வெட்டிய ஆப்பிளும் வாழைப்பழமும் கறுக்காமல் இருக்க, 1 லீற்றர் தண்ணீரில் 1 தேக்கரண்டி கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்துவிடலாம். பனீருக்கு, 1 லீற்றர் பாலுக்கு 2 கிராம் அமிலத்தை 200 மில்லிலீற்றர் வெந்நீரில் கரைத்து, அடுப்பை அணைத்த பின் மெல்ல ஊற்றினால் போதும். பால் திரிந்து பச்சை கலந்த தெளிந்த நீர் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மீதத்தையும் ஊற்றினால் பனீர் ரப்பர்போல இறுகும்.

உடம்புக்கு என்ன செய்யும்?

உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்க்கைப் பொருள் நிபுணர் குழு, சிட்ரிக் அமிலத்துக்கு நாளாந்த உச்ச வரம்பு எதையும் விதிக்கவில்லை. நம் உடம்பின் ஏறத்தாழ ஒவ்வொரு கலமும் உணவைச் சக்தியாக்கும்போது இதைத் தானே உண்டாக்கிப் பயன்படுத்துகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் விளக்கிய சுழற்சி அது.

ஈ330 புற்றுநோய் தரும் என்று கைத்தொலைபேசியில் வரும் பட்டியலை நீங்களும் பார்த்திருக்கலாம். அதன் வேர் 1970களில் பிரான்சில் பரவிய ஒரு துண்டுப்பிரசுரம். வில்ஜுயிப் என்ற ஊரின் புற்றுநோய் மருத்துவ நிலையம் வெளியிட்டது என்று சொல்லிக்கொண்டு அது சுற்றியது. அந்த நிலையம் தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மறுத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அது தமிழில்கூடச் சுற்றுவது வருத்தம் தருகிறது. வாடிக்கையாளர் அதைக் காட்டிக் கேட்டால் பொறுமையாக விளக்குங்கள். பயந்தவரைக் கேலி செய்யாதீர்கள்.

உண்மையில் பாதிக்கக்கூடிய இடங்கள் வேறு. முதலாவது பல். பிஎச் 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். புளிப்புப் பானத்தை நாள் முழுவதும் சிறுகச் சிறுக உறிஞ்சுவது ஒரே மூச்சில் குடிப்பதைவிடக் கெடுதி. குடித்ததும் பல் துலக்காமல், தண்ணீரால் கொப்பளித்து அரை மணி நேரமாவது பொறுங்கள். பிள்ளைகளுக்குப் புளிப்புத் தூள் தடவிய இனிப்புக் கொடுப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கும் வாய்ப்புண் உள்ளவர்களுக்கும் அது எரிச்சலைக் கூட்டும்.

இரண்டாவது, சிறுநீரகம் பழுதடைந்தவர்கள். அலுமினியம் கலந்த அமிலநீக்கி மருந்து எடுப்பவர்கள் அதோடு சிட்ரிக் அமிலம் அல்லது அதன் உப்பான சிட்ரேற்று மிகுந்த பானத்தைக் குடித்தால், குடல் அலுமினியத்தை வழமையைவிடப் பலமடங்கு உறிஞ்சும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. நாட்பட்ட சிறுநீரக நோய் இத்தனை குடும்பங்களைத் தொட்டிருக்கும் நாட்டில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்கட்டும்.

மூன்றாவது, செய்பவரான நீங்கள். தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரைப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். போத்தல் கழுவக் குளோரின் வெளுப்பான் பயன்படுத்தினால், அதை முழுவதும் அலசிய பிறகே அமிலத்தை அருகில் கொண்டுவாருங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் அது மூச்சை அடைக்கும்.

பழைய பொதியில் கட்டிதட்டிப்போன மீதம் இருந்தால் கேத்தலுக்கு வையுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் தண்ணீரில் கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் தடித்துப்போகும். களனி ஆற்றுத் தண்ணீர் குடிக்கும் கொழும்பில் அது குறைவு. 1 லீற்றருக்கு 2 மேசைக்கரண்டி போட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் படலம் கரைந்துவிடும்.

லேபலும் பதிவும்

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் பொருந்தும். விற்பனை தொடங்கும் முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். அவர் தண்டிக்க வருபவர் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். தொடக்கத்திலேயே கேட்பவருக்கு அவரால் கிடைக்கும் உதவி அதிகம்.

சேர்பொருட்களை எடையில் கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தி, அதில் "அமிலத்தன்மைச் சீராக்கி (330)" என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அமிலம் சேர்த்துவிட்டு "சேர்க்கைப் பொருள் அற்றது" என்று போடாதீர்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். தமிழை அச்சகத்தில் இருப்பவரின் ஊகத்துக்கு விடாமல் நீங்களே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒவ்வாமை உள்ள ஒருவர் அதை வாசித்துத்தான் வாங்குகிறார்.

ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் திகதி, பழத்தின் எடை, சீனி, சேர்த்த அமிலத்தின் கிராம் அளவு, முடிவில் காட்டிய பிஎச், அமிலப் பொதியின் தொகுதி இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு போத்தலை விற்காமல், லேபல் ஒட்டி, அதன் காலாவதித் திகதி முடியும்வரை வைத்திருங்கள். யாராவது போத்தல் பொங்கிவிட்டது என்று அழைத்தால், முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியவை அந்தப் போத்தலும் கொப்பியின் அந்தப் பக்கமும்தான். பொங்கிய போத்தலைத் திறந்து சுவைக்க வேண்டாம் என்று அவரிடம் உடனே சொல்லி, அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.